தொண்ணூற்று மூன்று டிகிரி அந்தோணி

போன செவ்வாய்க்கிழமை காலை, குன்னூர் மார்க்கெட்டில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "நம்ம அந்தோணி போயிட்டாருங்க சார்" என்றார் எங்கள் பழைய பள்ளியின் எழுத்தர். கேரட்டை எடை போடாமலே பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். கடைக்காரர் கூப்பிட்ட பிறகுதான் நின்றேன்.

அந்தோணியை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நடுவட்டம் பக்கம் நாங்கள் வேலை பார்த்த பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர், அவர் ஆய்வக உதவியாளர். இருவருக்கும் ஒரே வயது. அவர் ஞாயிறு பூசை தவறாதவர். நான், கடவுள் இல்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன். பல வருடங்கள் ஒரே மேசையில் டீ குடித்தோம். சண்டை போடாமல் ஒரு நாளும் டம்ளரைக் கீழே வைத்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவர்கள் கோயில் மாதா சிலை கண்ணீர் விடுகிறது என்று கூட்டம் கூடியது. கோயில் கமிட்டிப் பெரியவர் அற்புதம் என்று அறிவித்தேவிட்டார். அந்தோணி சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஜன்னலும்தான் அழுவுது, சுவரும் அழுவுது. பனி மூட்டத்துக்கு எல்லாமே வேர்த்திருக்குதுங்க" என்றாராம். இரண்டு மாதம் கமிட்டிக்காரர்கள் அவரிடம் பேசவில்லை.

எனக்கோ கொண்டாட்டம். "கடைசியில் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்" என்று மறுநாளே சீண்டினேன். அவர் நிதானமாக டீயை ஆற்றினார். "கண்ணீர் இல்லீன்னுதானுங்க சொன்னேன். மாதா இல்லீன்னு சொல்லலீங்களே."

அந்த வருடமே என் முறை வந்தது. பத்தாம் வகுப்புச் செய்முறை வகுப்பில் தண்ணீரின் கொதிநிலையை அளக்கச் சொன்னேன். நாற்பது பேர் ரெக்கார்டு நோட்டில் நூறு டிகிரி என்று எழுதியிருந்தார்கள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் செல்வி மட்டும் தொண்ணூற்று மூன்று என்று எழுதியிருந்தாள். கவனக்குறைவு என்று வகுப்பின் முன்னாலேயே சிவப்பு மையால் அடித்து, பூஜ்யம் போட்டேன். அவள் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இனி படிக்கவில்லை, கொழுந்து பறிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்.

அந்தோணி என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்றில் நின்றது. "கெட்டுப்போனதாக இருக்கும்" என்றேன். இன்னொன்றை விட்டார். அதுவும் தொண்ணூற்று மூன்று. மூன்றாவதை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மலை மேல் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும் என்று முந்தின மாதம் பாடம் நடத்தியவனே நான்தான்!

"நாற்பது புள்ளைங்க புஸ்தகத்தைப் பாத்து எழுதிச்சுங்க. அந்தப் புள்ள ஒண்ணுதானுங்க தெர்மாமீட்டரைப் பாத்துச்சு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பருப்பு வேக இங்க எத்தன நேரமாகுதுன்னு ஊட்டுல கேட்டிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்குமுங்களே" என்றார்.

மார்க்கைத் திருத்திவிடுகிறேன் என்றேன். அவர் விடவில்லை. "பூஜ்யத்தை எல்லாரு முன்னாலயும்தானுங்க போட்டீங்க?"

அன்று மாலை இரண்டு பேரும் லயத்துக்குப் போய்ச் செல்வியை வரச் சொன்னோம். மறுநாள் வகுப்பில், "நான் அளந்து பார்க்காமல் தவறு சொன்னேன். செல்வி பார்த்துச் சரியாக எழுதினாள்" என்றேன். பிள்ளைகள் கைதட்டியது அவளுக்கா எனக்கா என்று தெரியவில்லை. இன்று அவள் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள்.

அடக்கத்தன்று அவர் மனைவி மேரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க சாமி கும்பிடாதவரு. பொய் சொல்ல மாட்டீங்க. அவரு இப்ப மோட்சத்துல இருப்பாருங்களா?"

வாழ்நாளெல்லாம் தயாராக வைத்திருந்த பதில் ஒன்று என்னிடம் உண்டு. அது வரவில்லை. "எனக்குத் தெரியாதுங்கம்மா. இருக்கணும்னு ஆசையா இருக்குதுங்க" என்றேன்.

மேரி அழுகையோடு சிரித்தார். "அது போதுமுங்க சார்."

என் நண்பரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று, வெட்கப்படாமல், எல்லார் முன்னாலும் சொல்ல முடிகிறது.