இரண்டு மணிச் சங்கு

1. மாப்பிள்ளைகள்

நான் வாங்கி வந்த முதல் லாட்டில் இருபது பெட்டை வான்கோழிக் குஞ்சுகள். வந்த மூன்றாவது வாரம் அவற்றில் பன்னிரண்டு ஆணாகிவிட்டன. ‘ஆகிவிட்டன’ என்பது என் கௌரவத்துக்காகச் சொல்வது. முதல் நாளே அவை ஆண்கள்தான், எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று காலை ஷெட்டைத் திறந்தால் பன்னிரண்டும் வாலை விரித்து, தலை சிவந்து, ஒரே குரலில் கத்துகின்றன. பண்ணை முதலாளி தேவராஜ் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“இன்னா ஸ்டெல்லா இது? பொண்ணுங்கள கூட்டியாரச் சொன்னா மாப்ளைங்கள கூட்டியாந்து நிறுத்திகீற?”

திருவள்ளூர் பக்கத்தில் எங்களுடையது முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கும் பண்ணை. ஐந்து பெட்டைக்கு ஓர் ஆண் போதும். ஆண்கள் அதிகமானால் ஒன்றையொன்று கொத்திக் கிழித்துவிடும், முட்டையும் இருக்காது. அதுவரை பர்சேஸுக்கு வெளியே போனவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். முட்டை துடைக்கும் அறையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, நான் கெஞ்சிக் கேட்டு வாங்கிய வேலை அது.

முதலாளி கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

“இன்னொரு வாட்டி போய்ட்டு வா. அதுவும் இப்டி ஆச்சுன்னா மறுபடியும் முட்ட தொடைக்கிற ரூமுக்கே போயிடு.”

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. திரும்பப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

2. போல்ட்டுக்குப் பயம் கிடையாது

இந்தப் பண்ணைக்கு முன்னால் காக்களூரில் ஒரு போல்ட் கம்பெனியில் ஆறு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். பீஸைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஓகே சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கத்தில் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தூக்கி, மூக்கின் மேலே இருக்கும் சதையைப் பார்த்தேன். மூன்றரை, நாலு மாதக் குஞ்சில் ஆணுக்கு அது தொங்க ஆரம்பித்திருக்கும். பெட்டைக்குச் சின்ன மொட்டாக இருக்கும். நான் தூக்கிய இருபதுக்கும் மொட்டுதான்.

பிறகு எப்படித் தப்பாயிற்று? தினமும் நாஷ்டாவை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பன்னிரண்டின் முன்னால் உட்கார்ந்தேன். நாலாவது நாள் பிடிபட்டது. சும்மா மேயும்போது சதை தொங்குகிறது. பிடிக்கக் கையை நீட்டினால் சுருங்கி மொட்டாகிவிடுகிறது. பயந்துபோன ஆணின் மூக்கு அசல் பெட்டை மூக்கு. போல்ட்டுக்குப் பயம் கிடையாது, கோழிக்கு உண்டு. இட்லித் தட்டோடு தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அதிலிருந்து தொடாமல் பார்க்கப் பழகினேன். பெட்டைக்கு உச்சந்தலை வரை மெல்லிய முடி இருக்கும், ஆணுக்கு மண்டை வழுக்கை. ஆணின் கால் தடிமன். கறுப்பு ரகத்தில் மார்பு இறகின் ஓரம் வெள்ளையாக வந்தால் பெட்டை. வால் விரிப்பதை நம்பவே கூடாது, பெட்டையும் சில நேரம் விரிக்கும். பருமனையும் நம்பக் கூடாது. பிந்திப் பொரித்த ஆண், மூத்த பெட்டையின் அளவுதான் இருக்கும்.

3. கும்மிடிப்பூண்டியில்

இரண்டாவது முறை முப்பது பெட்டை வேண்டும் என்றார் முதலாளி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பின்சுவரை ஒட்டி வெங்கடேசு என்பவரின் ஷெட். வேன் டிரைவர் குமாரோடு போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி இருக்கும். வெங்கடேசு முப்பதைத் தனியாக அடைத்துத் தயாராக வைத்திருந்தார். எல்லாம் ஒரே அளவு.

“எல்லாம் பெட்டதான்மா. ரெண்டு மணிக்குள்ள ஏத்திடு. அப்பால ஷிப்ட் உட்டா ரோட்ல வண்டி நகராது” என்றார்.

ஒன்றைப் பிடித்து என் கையில் கொடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குஞ்சு ஏற்றும் காலி பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பி வலைக்கு வெளியே உட்கார்ந்தேன்.

“இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்தியா? பஜ்ஜி சொஜ்ஜி எடுத்தாரச் சொல்லட்டா?”

“ஆமாண்ணா, பொண்ணுதான் பாக்க வந்தேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அதுங்க பயப்படுது.”

ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் காட்டினேன், குமார் பிடித்து ஏற்றினார். பத்தொன்பது ஏறியது. மீதிப் பதினொன்றில் எனக்குச் சந்தேகம். கால் தடிமன், மண்டையிலும் முடி அதிகம் இல்லை. ஆனால் குமார் உள்ளே போய்ப் பிடித்ததில் பயந்தோ என்னவோ, மூக்கு மொட்டாகவே இருந்தது. வெங்கடேசு மூன்றாவது தடவையாகப் போனை எடுத்து மணி பார்த்தார்.

“நைனா, நீயாவது சொல்லு. இந்தம்மா பாத்துக்கினே இருந்தா நாள் போயிடும்” என்றார் குமாரிடம்.

குமாரும் என்னைப் பார்த்தார். “அக்கா, ஏத்திடலாமா?”

பதினொன்றையும் விட்டுப் போனால் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது? ஏற்றிப் போய் எல்லாம் ஆணாகிவிட்டால்? “இன்னும் கொஞ்சம் இருங்க” என்றேன்.

அப்போது கம்பெனியின் இரண்டு மணிச் சங்கு ஊதியது.

ஊதி முடிக்கவில்லை, பதினொன்றில் எட்டு கழுத்தை நீட்டிக்கொண்டு குளுகுளுவென்று கத்தின. பெட்டை அப்படிக் கத்தாது. பெருத்த சத்தம் கேட்டால் ஆணுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. எழுந்து நின்று குதிக்காத குறைதான். அதே நேரம் பின்னால் வேனுக்குள்ளிருந்தும் ஒரு குளுகுளு. நான் நாலு அடையாளம் பார்த்து ஓகே செய்த பெட்டைகளில் ஒருவர்.

குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெங்கடேசு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்குத்தாம்மா ரெண்டு மணிக்குள்ள கெளம்பச் சொன்னேன்.”

வேனில் இருந்த அந்த மாப்பிள்ளையை இறக்கிவிட்டேன். கத்தாத மூன்றையும் எடுக்கவில்லை. கத்தினால் ஆண் என்பது நிச்சயம். கத்தாததெல்லாம் பெட்டை என்று சொல்லிவிட முடியாது.

4. பதினெட்டு

“முப்பது கேட்டா பதினெட்டு கொண்டாந்துகீற?” என்றார் முதலாளி.

“பதினெட்டும் பெட்ட சார்.”

“பாப்போம்.”

பார்க்க மூன்று மாதம் ஆயிற்று. தினமும் காலையில் ஷெட் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கத்தவில்லை. ஒருநாள் வைக்கோலில் புள்ளி புள்ளி ஓட்டோடு முதல் முட்டை கிடந்தது. சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். முதலாளி முட்டையை வாங்கி மேசை மேல் வைத்தார்.

“அடுத்த லாட்டு வெங்கடேசுகிட்டதான். காலைல போன் பண்ணான். யார வேணா அனுப்பு, அந்தம்மாவ மட்டும் அனுப்பாதன்றான்.”

மேசை மேல் உருளப் பார்த்த முட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அதான் உன்ன அனுப்பறேன். குமார வேன எடுக்கச் சொல்லு.”

புதிதாகக் குஞ்சு வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். கையை நீட்டுவதற்கு முன்னால் பாருங்கள். விற்பவர் அடிக்கடி மணி பார்த்தால், கவிழ்த்துப் போட்ட கிரேட்டை விட்டு எழுந்திருக்காதீர்கள்.