தலைகீழாக நின்ற பிரெஞ்சுப் புத்தகங்கள்

கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த என்னையும் கூடப் படித்த சிலரையும் காரைக்காலில் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சம்பளம் கிடையாது. நூலகர் கையெழுத்திட்ட சான்றிதழ் கொடுத்தால்தான் படிப்பு முடியும். அங்கே யாரும் எதையும் கற்றுத் தரவில்லை. தூசி தட்டினோம், அடுக்கினோம்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு அம்மா, இறந்துபோன கணவரின் பிரெஞ்சுப் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். ஆங்கிலப் புத்தகத்தின் முதுகில் தலைப்பு மேலிருந்து கீழே ஓடும். பிரெஞ்சுப் புத்தகத்தில் கீழிருந்து மேலே ஓடும். அது எங்களில் யாருக்கும் தெரியாது. "எல்லாம் ஒரே பக்கமாப் படிக்கிற மாதிரி வைங்க" என்றார் நூலகர். ஆங்கிலப் புத்தகங்களைப் போலவே திருப்பி வைத்தோம்.

ஒரு நாள் அந்த அம்மா பார்க்க வந்தார். உருவிய புத்தகமெல்லாம் தலைகீழாக வந்தது.

"எல்லாத்தையும் கவுத்து வச்சிருக்கீங்களே தம்பி" என்றார் நூலகரிடம்.

"பயிற்சிக்கு வந்த புள்ளைங்கம்மா. கெமிஸ்ட்ரி படிக்கிறதுங்க. அதுங்களுக்கு என்ன தெரியும்?"

"நீங்கதான சார் அப்படி வைக்கச் சொன்னீங்க" என்றேன். பக்கத்தில் நின்ற தோழி என் கையைக் கிள்ளினாள்.

"விடுங்க, நிமித்தி வைங்க. அவரு உசுரோட இருந்தப்பவும் தலைகீழாத்தான் நின்னாரு" என்றார் அந்த அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

கடைசி நாள் மற்றவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார் நூலகர். "உனக்கு இன்னும் பயிற்சி பத்தல. அடுத்த லீவுல வா" என்றார் என்னிடம்.

அழுகை வரவில்லை. பக்கத்தில் எங்கள் ஊரான தருமபுரத்துக்கு நடந்தே போய், வீட்டில் சோறு தின்றுவிட்டுப் படுத்தேன். அடுத்த விடுமுறையிலும் போனேன், வேறென்ன செய்ய? துடைத்தேன், அடுக்கினேன், கையெழுத்து வாங்கினேன். அந்த ஆளுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.