கடுவாவா கரடியா

புலியும் கரடியும் மோதினால் எது ஜெயிக்கும் என்று என் மகனின் கைபேசியில் ஓயாமல் சண்டை நடக்கிறது. இரண்டின் படத்தையும் அடுத்தடுத்து வைத்து எடை, நகம், பல் என்று எழுதிக் காட்டுகிறார்கள். அதற்குக் கீழே உலகத்து ஆட்களெல்லாம் கெட்ட வார்த்தையில் தீர்ப்பு எழுதுகிறார்கள். அவர்களில் ஒருத்தர்கூட அந்தச் சண்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். குன்னத்துகாலில், எங்கள் வீட்டு முற்றத்தில், ஒரு திருவோணத்தன்று, மூச்சிரைக்கும் சத்தம் கேட்கும் தூரத்தில் நின்று பார்த்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் முழுசாக இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வரிப்புலிக்குக் கடுவா என்று பெயர். ஓணம் வந்தால் ஊருக்கு ஒரு கடுவாவும் ஒரு கரடியும் கிளம்பும். கடுவா என்பது உடம்பெல்லாம் மஞ்சள் சாயம் பூசிக் கறுப்பு வரி இழுத்துக்கொண்ட ஆள். கரடி என்பது தலை முதல் கால்வரை வாழைச்சருகைக் கட்டி, கமுகம்பாளையில் வெட்டிய மூஞ்சியை முகத்தில் மாட்டிய ஆள். கடுவாவுக்குள் யார் என்று ஊருக்கே தெரியும். கரடிக்குள் யாரும் இருக்கலாம். செண்டை கொட்டிக்கொண்டு வீடுவீடாகப் போய் ஆடுவார்கள். கடைசியில் சாயிப்பு, அதாவது தொப்பி வைத்த வெள்ளைக்கார வேட்டைக்காரன் வேஷக்காரர், மரத்துப்பாக்கியை நீட்டிக் கடுவாவைச் சுடுவார். கடுவா செத்து விழும். பிறகு எழுந்து பாயசம் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

எங்கள் ஊர்க் கடுவா என் சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கை கணவர். வீடு குளத்தூரில். பாறசாலைப் பக்கம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். தோளும் தொடையுமாக, சாயம் பூசாமலே பாதிக் கடுவா. நாங்கள் மிஷன் காலத்துச் சபைக் குடும்பம்தான். ஆனால் ஓணத்துக்கு அதெல்லாம் யார் பார்த்தார்கள். சாயம் மட்டும் சீக்கிரம் போகாது. ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா காதுமடலுக்குப் பின்னால் மஞ்சளோடு ஆராதனையில் உட்கார்ந்திருப்பார். போதகர் அந்த வரிசையைப் பார்க்காமலே பிரசங்கத்தை முடிப்பார்.

கரடி என் அப்பா. தையல்காரர். பழைய சாக்கில் சருகை அடுக்கடுக்காக வைத்துக் கரடித்தோலைத் தைப்பதும் அவர்தான், போடுவதும் அவர்தான். மெலிந்த மனிதர். அவர் உள்ளே போனால் காற்றில் சருகு தானாக நகர்வதுபோல இருக்கும். பெற்ற அப்பா கரடியாக இருக்கும்போது நான் கடுவா கட்சியில் சேர்ந்தது இப்படித்தான்.

எதிர்க்கட்சி அடுத்த வீட்டு பிஜு. அவன் வீட்டில் கடுவாவும் கிடையாது, கரடியும் கிடையாது. எனக்கு எதிராகப் பேசவேண்டும் என்பது மட்டுமே அவன் கொள்கை.

“எடா, வடக்க பனியில ஒரு கரடி உண்டு. கடுவாவத் தூக்கி எறியும்” என்பான்.

“ஓ, நீ போயி பாத்தியாக்கும்.”

சந்தேகம் தீர வாசகசாலையிலிருந்து மிருகங்களைப் பற்றிய மலையாளப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். தவிட்டு நிறக் கரடி என்ற பெயரில் ஒரு மலை நின்றுகொண்டிருந்த படத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். கடுவாவைவிடக் கரடிக்குக் கனம் கூட என்று போட்டிருந்தது. அது போதாதென்று, இரண்டும் வாழும் காட்டில் சிலநேரம் கடுவா ஜெயிக்கும், சிலநேரம் கரடி ஜெயிக்கும் என்றும் எழுதியிருந்தது. இதைச் சொல்ல ஒரு புத்தகமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் மனப்பாடம் செய்தேன். எங்கள் வாக்குவாதம் முச்சந்திச் சாயாக்கடை வரைக்கும் எட்டி, ஓண ஆட்டம் நடத்தும் கிளப்பு ஆட்கள் அந்த வருஷம் கடுவாவுக்கும் கரடிக்கும் எங்கள் முற்றத்தில் மல்பிடுத்தம், அதாவது மல்யுத்தம், என்று அறிவித்துவிட்டார்கள்.

“சகலை பாவம். மெல்லதான் நசுக்குவேன்” என்று சித்தப்பா சாயாக்கடையில் சொன்னதாகக் கேட்டு நான் தலைநிமிர்ந்து நடந்தேன்.

ஓணத்துக்குச் சில நாள் முன்னால் சித்தி துணிப்பையோடு வந்து இறங்கினாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

“பல்லுவேதன, மக்கா” என்றாள்.

அந்த வருஷம் சித்திக்கு அடிக்கடி பல் வலித்தது. வலிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவார். குளத்தூரில் நல்ல பல் டாக்டர் இல்லை என்பது என் முடிவு.

இந்த முறையும் மாமா வந்தார். குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது. நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றாமலே பேசினார்.

“ஓணத்தன்னைக்கு அவன் கடுவா கெட்டி இங்க வருவான். சாயங்காலம் நானும் வாறேன். நீ ஜீப்பில ஏறி அவன்கூடப் போயிரு. ஆளுவ சிரிக்கப்பிடாது.”

“எனக்குப் போகப் பேடியா இருக்கு, அண்ணா” என்று பயந்து சொன்னாள் சித்தி.

மாமா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அம்மாதான் கேட்டாள். “இனி ஒரு வாட்டி இவ நடந்து வருவாளா, எடுத்துட்டு வரணுமா? அது ஆருக்கு அறியும்?”

“ஆணுக்குக் கோவம் வரும். உனக்க மாப்பிளைக்கு ஊசி குத்துனாலும் கோவம் வராது. அதனால உனக்கு அறியல்ல.”

அப்பா தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். சித்தி முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். எனக்கு மாமாவின் ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. சித்தி போனால் வழியனுப்ப நானும் ஜீப்பில் ஏறலாம்.

மறுநாள் காலையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

“எலே, உனக்க பொஸ்தகத்தில கரடி எப்பிடி அடிக்கும்ணு போட்டிருக்கு?”

அம்மா என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னேன்.

“பின்னங்காலில எந்திச்சு நிக்கும். முன்னங்கையால ஒரே வீசு. அவ்வளவுதான்.”

“கடுவா?”

“அது நேரா வராது. பம்மிப் பம்மிப் பின்னால வந்து பிடரியில பிடிக்கும். பின்னால விட்டா கரடி தீந்துது.”

“விடாம இருக்க என்ன செய்யணும்?”

“பாறையிலயோ மரத்திலயோ முதுகச் சாச்சுட்டு நிக்கணும். அப்போ கடுவா முன்னால வந்துதான ஆவணும்.” எதிரிக்கு ரொம்பச் சொல்லிக் கொடுக்கிறோமோ என்று தோன்ற, உடனே சேர்த்துக்கொண்டேன். “ஆனா ஜெயிக்கது கடுவாயாக்கும்.”

“கொள்ளாம்” என்று மெச்சிவிட்டு அம்மா அடுத்த மூடியை எடுத்தாள்.

திருவோணத்தன்று மத்தியானம் எங்கள் முற்றத்தில் கால்வைக்க இடமில்லை. பிஜு மதில்மேல் உட்கார்ந்திருந்தான். சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். செண்டைச் சத்தத்தோடு சித்தப்பா வந்தார். வயிற்றில் வரைந்த கடுவா முகம் அவர் மூச்சுவிடும்போதெல்லாம் வாயைப் பிளந்தது. நான் தொண்டை கிழியக் கூவினேன். வீட்டுக்குப் பின்பக்கத்திலிருந்து கரடி வந்தது. வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. பயத்தில் அப்பா குனிந்து நடக்கிறார் என்று நினைத்தேன்.

சித்தப்பா சுற்றிச் சுற்றி வந்தார். உறுமினார். பெண்களைப் பார்த்து நாக்கை நீட்டினார். பிறகு பம்மிக்கொண்டு கரடியின் பின்பக்கம் போகப் பார்த்தார். கரடி மெதுவாக நகர்ந்து பலாமரத்தில் முதுகைச் சாய்த்து நின்றது. எனக்கு லேசாக உறைத்தது. அப்பாவும் புத்தகத்தைப் படித்திருக்கிறாரோ?

சித்தப்பா முன்பக்கம் வந்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். கரடி நிமிர்ந்தது. கை ஒன்று சருகுக்குள்ளிருந்து பின்னால் போனது, முன்னால் வந்தது.

அந்தச் சத்தம் செண்டையைத் தாண்டிக் கேட்டது. சித்தப்பாவின் முகம் ஒருபக்கமாகத் திரும்பி அப்படியே நின்றது. ஊர் சிரித்தது. எல்லாம் ஆட்டம் என்று நினைத்தார்கள். இரண்டாவது அடி மறுகன்னத்தில் விழுந்தபோது செண்டைக்காரர் கையை நிறுத்திவிட்டார். மூன்றாவது அடியில் கடுவா மல்லாந்து விழுந்தது. சுடவேண்டிய கடுவா ஏற்கெனவே கிடந்ததால் சாயிப்பு குழம்பிப்போய்ப் பலாமரத்தைச் சுட்டார்.

நான் அறிந்த உலகத்தில் சித்தப்பாவை யாரும் அடித்ததில்லை. அடிக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். அப்போது கரடி குனிந்து, பாளை மூஞ்சியை அவர் காதோடு வைத்து மெதுவாகக் கேட்டது.

“பல்லுவேதன உண்டா?”

கரடிக்கு என் அம்மாவின் குரல்.

நான் மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்தேன். சித்தப்பாவுக்கும் அந்தக் குரல் தெரிந்துவிட்டது. மஞ்சள் சாயத்துக்கு நடுவே அவர் கண் மட்டும் விரிந்து வெளுத்துத் தெரிந்தது. முட்டியை மடக்கிக்கொண்டு எழுந்தார். முற்றம் முழுக்க ஊர் நின்றது. திருப்பி அடித்தால் மூஞ்சி கழன்று விழும். விழுந்தால், மனைவியின் அக்காவிடம் அடிவாங்கி மல்லாந்த ஆள் என்று பாறசாலை வரைக்கும் சிரிப்பார்கள், அவர் ஜீப்பில் ஒருத்தரும் ஏறமாட்டார்கள். மடக்கிய கை மெல்லத் தளர்ந்தது.

“கரடி கொள்ளாம்” என்று சொல்லிச் சிரித்தார். உதட்டில் ரத்தம் இருந்தது. அது சாயம் என்று ஊர் கைதட்டியது.

கரடி வந்த வழியே போனது. நானும் வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். கிணற்றடியில் அம்மா அப்பாவின் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த சருகுத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் கரடியின் காலை மடித்துத் தைத்துச் சின்னதாக்கியவர் அவர்தான். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரடிக்கு இந்த வருஷம் தீனி போதவில்லை என்று நினைத்தேன்.

“கை வலிக்குதா?” என்று அப்பா கேட்டார்.

“வலிக்குது. நல்லா வலிக்குது” என்றாள் அம்மா. கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டாள். என்னைப் பார்த்ததும் அப்பா, “ஆருகிட்டயும் சொல்லாத மக்கா” என்றார். யாரிடம் சொல்வேன்? என் கடுவா என் அம்மாவிடம் தோற்றுப்போனது என்று பிஜுவிடம் போய்ச் சொல்ல எனக்கென்ன கிறுக்கா?

சாயங்காலம் மாமா வந்தார். சித்தப்பாவும் வந்தார். சாயத்தைப் பாதிதான் கழுவியிருந்தார். கழுத்துக்கு மேலே வீக்கம், கழுத்துக்குக் கீழே கடுவா. அம்மா சேலை கட்டிக்கொண்டு, தலை வாரி, இரண்டு பேருக்கும் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை இடது கையால் வைத்ததை மாமா முறைத்துப் பார்த்தார். வலது கை வீங்கியிருந்தது.

“பையை எடு. இறங்கு” என்றார் மாமா.

சித்தி அம்மாவைப் பார்க்கவில்லை. நேராகச் சித்தப்பாவைப் பார்த்தாள். நான் அறிந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

“நான் வரல்ல” என்றாள்.

மாமா செருப்பைத் தரையில் உரசினார். “என்னலே பேசுதா இவ? நீ ஒண்ணு சொல்லு” என்று சித்தப்பாவிடம் திரும்பினார்.

சித்தப்பா டம்ளரைத் தொடவில்லை. அம்மாவின் வலது கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அவளுக்கு இஷ்டம் இல்லெங்கி வேண்டாம், அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. என்னை ஏறச் சொல்லவில்லை. மாமா இருந்த இடத்திலேயே சிறுத்துப்போனார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் பஸ்ஸுக்கு நடந்தார்.

ஒரே ஒரு சண்டை. அதில் தோற்றதற்காகக் கட்டிய மனைவி ஒருத்தரை விட்டுவிடுவாளா? தோற்காத வருஷமெல்லாம் கூட இருந்துவிட்டு, தோற்ற அன்றைக்கா வரமாட்டேன் என்பது? என் சித்தி இவ்வளவு கல்மனசுக்காரி என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. யாராவது நியாயம் பேச வேண்டாமா?

அடுக்களையில் சித்தியும் அம்மாவும் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வாசற்படியில் இருந்தார். நான் சித்திக்கு முன்னால் போய் நின்றேன்.

“சித்தி, புத்தகத்திலேயே போட்டிருக்கு, சிலநேரம் கரடி ஜெயிக்கும், சிலநேரம் கடுவா. அடுத்த ஓணத்துக்குச் சித்தப்பாதான் ஜெயிப்பாரு. கரடி எப்பிடி நிக்கும்ணு நான் அவருக்குச் சொல்லிக் குடுக்கேன்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். வீங்கிய கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழியவழியச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“வேண்டாம், மக்களே. நீ அவருக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்காண்டாம்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் இல்லை என்று தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த வீட்டில் கடுவா பக்கம் நிற்க இனிமேல் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. அந்தத் துக்கத்தில் நான் அன்றைக்குச் சாப்பிடாமலே போய்ப் படுத்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை. அடுக்களையில் அக்காவும் தங்கையும் அதன்பிறகும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.