கணுவைச் சீவாத வில்

கதவுத் தச்சருக்கு மேடு என்றாலே ஆகாது. பலகையில் துளி புடைப்பு தெரிந்தால் கை அரிக்கும். இழைப்புளியால் சீவித் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. நல்ல பழக்கந்தான், கதவு செய்கிறவரைக்கும்.

அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டார். எலும்பு கூடியும் கையைத் தூக்க மாட்டேன் என்று ஒரே அடம். இப்படியே விட்டால் தோள் இறுகிவிடும், தலைகூட வார முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மனைவி பள்ளிக்கூடத்தில் வில் எய்து கோப்பை வாங்கியவர் என்பது அப்போதுதான் தச்சருக்கு நினைவுக்கு வந்தது. வில்லைக் கையில் கொடுத்தால் தோள் தன்னால் அசையும் என்று கணக்குப் போட்டார்.

பட்டறையில் காய்ந்து கிடந்த மல்பெரிக் கட்டையை ஆப்பு வைத்து இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியைப் பட்டை உரித்துச் செதுக்கினார். வெளிப்பக்கம் ஒரு கணு துருத்திக்கொண்டு நின்றது. மனுஷன் சும்மா இருப்பாரா? மட்டமாக இழைத்தார். வில் கண்ணைப் பறித்தது. மனைவி எதிரே பெருமையாக வளைத்துக் காட்டினார். படீரென்று கணு இருந்த இடத்திலேயே முறிந்தது!

முறிந்த துண்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. கணுவைச் சுற்றி ஓடிய மரத்தின் நார் ரேகையை அவரே அறுத்திருக்கிறார்.

"வில்லு கேட்டா கதவு செஞ்சிருக்கீங்க," என்று மனைவி சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது இதுதான் முதல் தடவை. தச்சருக்குக் கோபமே வரவில்லை.

மறுபாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு கணுவை அப்படியே விட்டார். உட்பக்கத்தை மட்டும், வில்லின் இரண்டு புறமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டினார். சணல் நாரை முறுக்கி நாண் கட்டினார். நாணல் தண்டில் வாத்திறகு கட்டி, நுனியை நெருப்பில் வாட்டி அம்பும் செய்தார்.

கொல்லையில் மனைவி நாணை இழுத்தார். கன்னம் வரை வரவேண்டிய கை மார்போடு நின்றுவிட்டது. வலியில் கண் கலங்கியது. விட்ட அம்பு கிணற்றடியைக்கூட எட்டாமல் பொத்தென்று விழுந்தது. தச்சருக்கு மனசு கேட்கவில்லை, சுரண்டியை எடுத்தார்.

"குடும்மா. இன்னும் கொஞ்சம் சுரண்டிடறேன், இழுக்க லேசா இருக்கும்."

மனைவி வில்லைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"கைய வச்சீங்க, அப்புறம் தெரியும் சேதி! வில்லு சரியாத்தான் இருக்கு. என் கைதான் இன்னும் வரல. வரும். போங்க, போய் அந்த அம்ப எடுத்துட்டு வாங்க."

அவர் ஓடினார்.