மாந்தோப்பில் எட்வர்டுக்கு ஒரு வீடு

எட்வர்டு கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இருபது வருஷமாக உலைச் சூட்டில் வெந்தவன். அரசாங்க வீடு கேட்டு ஏழு தடவை மனு கொடுத்தான். "உன் பேரு லிஸ்ட்ல வரலடா" என்று ஊராட்சித் தலைவர் தாமோதரன் ஏழு தடவையும் விரட்டினார்.

போன வாரம் தலைவரின் மாந்தோப்பு வழியே வந்தவன் அங்கே ஒரு புது வீட்டைப் பார்த்தான். ஜன்னல் வழியே உள்ளே உர மூட்டைகள் தெரிந்தன. வாசல் சுவரில், திட்ட வீடுகளுக்கெல்லாம் எழுதுகிற மாதிரியே, பயனாளி பெயர் என்று போட்டு எட்வர்டு பேரும் அவன் அப்பன் பேரும் இருந்தன. அதிகாரிக்குப் போட்டோ அனுப்ப எழுதியதை அழிக்க மறந்திருந்தார்கள்.

அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஒரு கல்யாணத்துக்காகத் திருவள்ளூர் போனதும் பூட்டை உடைத்தான். மூட்டைகளைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, மனைவி ஞானம்மாவையும் கேஸ் அடுப்பையும் கொண்டுவந்து குடியேறினான்.

சாயங்காலம் தாமோதரன் ஓடிவந்தார். "எவன் ஊட்லடா பூந்துக்கினு கீற? போலீஸக் கூப்புடவா?"

"கூப்புடு தலைவரே. கலெக்டரையும் சேத்துக் கூப்புடு. இது எட்வர்டு ஊடு இல்லன்னு அவுங்க முன்னாடி சொல்லு, காலி பண்ணிடறேன்."

தலைவர் போனை எடுத்தார். சுவரைப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"செருப்போட மேல ஏறாதீங்க," என்றாள் ஞானம்மா. "இப்பதான் கழுவி உட்டேன்."