கயிற்றின் கடைசி ஆள்

எங்கள் இடத்திற்கு லைன் என்று பெயர். வரிசைக்குப் பத்து அறை, இரண்டு வரிசை, நடுவில் வாசல். அந்தப் பக்கம் நகர். மாடி வீடுகள், கேட்டுகள், கேட்டுக்குப் பின்னால் நாய்கள். இரண்டுக்கும் நடுவில் ஓடை. அதில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும். திருப்பூரில் அப்போது எந்தக் கலருக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று ஓடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒருநாள் சிவப்பு. ஒருநாள் நீலம். ஓடைக்கு மேல் ஒரு சின்னப் பாலம்.

நகரில் இருப்பவர்கள் எங்களைத் திருடர்கள் என்று நினைத்தார்கள். கொடியில் ஒரு துண்டு காணாமல் போனால் முதலில் பாலத்தைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் அவர்களைக் கஞ்சர்கள் என்று நினைத்தோம். கேட்டைச் சாத்திக்கொண்டு பழைய சோறு தின்கிறார்கள் என்று அத்தை சொல்வாள். அத்தை அப்பாவின் அக்கா. எங்களுக்கு அடுத்த அறை. அவள் யாரையும் எளிதில் நம்ப மாட்டாள். எனக்கும் அந்தக் குணம் இருந்தது.

பொங்கலன்று நகரிலிருந்து தூக்குப்போசியில் சர்க்கரைப் பொங்கல் வரும். நாங்களும் கொடுத்து அனுப்புவோம். வந்ததை அத்தை மோந்து பார்த்துவிட்டு நெய் வாசமே இல்லை என்பாள். முந்திரியைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை அனுப்பியிருக்கிறார்கள் என்பாள். சொல்லிவிட்டுத் தின்றுவிடுவாள். நாங்கள் கொடுத்ததை அவர்கள் தின்றார்களா என்பது தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒருமுறை நகரின் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். அதில் பொங்கல் இல்லை. நாய்க்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீரில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று. போர்வெல் போட்டவர்களுக்கும் உப்பும் கலருமாகத்தான் வரும். குடிக்க லாரித் தண்ணீர்தான். ஐந்து நாளைக்கு ஒருமுறை லாரி வந்து பாலத்தின் மேல் நிற்கும். முதலில் பிடிக்கிறவர்களுக்கு வேண்டிய மட்டும் கிடைக்கும். அடுத்தவர்களுக்கு அடியில் கிடக்கும் மிச்சம். கோடையில் மிச்சமும் இருக்காது.

இதில் முன்பெல்லாம் லாரி வரும்போதெல்லாம் சண்டை நடக்குமாம். லாரி டிரைவர் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் இரண்டு பக்கத்துப் பெண்களும் கூடி ஒரு ஏற்பாடு செய்தார்கள். பொங்கலுக்கு மூன்றாம் நாள் பூப்பறிக்கிற நோம்பி. அது பெண்கள் நாள். அன்று பாலத்தின் மேல் கயிறு இழுப்பது. பக்கத்துக்கு எட்டுப் பேர். ஜெயித்த பக்கத்திற்கு ஆடி முடியும்வரை முதல் தண்ணீர். ஆண்கள் வேடிக்கை பார்க்கலாம். குடம் தூக்காதவர்களுக்குக் கயிற்றில் இடம் இல்லை.

போன வருடம் நாங்கள் ஜெயித்திருந்தோம். அதற்கு அம்மாதான் காரணம். அவள்தான் கடைசி ஆள். கடைசி ஆள் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றி நிற்க வேண்டும். முன்னால் ஏழு பேர் சறுக்கினாலும் கடைசி ஆள் நின்றால் கயிறு நிற்கும். அம்மா பனியன் கம்பெனியில் துணி ரோல் தூக்கிக் கட்டிங் மேசைக்குக் கொண்டுபோகிற வேலை பார்த்தாள். நின்றால் நின்றதுதான்.

நகரின் கடைசி ஆள் பச்சை கேட் வீட்டம்மா. மாடி வீடு. கீழே பத்துத் தையல் மிஷின் போட்டு அவர் வீட்டுக்காரர் கம்பெனி நடத்தினார். அந்த அம்மாவுக்குக் கனத்த உடம்பு. பாலத்தில் எதிரே வந்தால் அம்மாவும் அவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பார்த்துக்கொள்வார்கள்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம் ஓடை வெளுத்துப் போயிருந்தது. மார்கழி முழுக்கக் கலர் வரவில்லை. அடியில் கிடக்கும் கல் தெரிந்தது. எங்களுக்கு அது அதிசயம். இறங்கி விளையாடினோம். பச்சை கேட் வீட்டில் மிஷின் சத்தமும் நின்றிருந்தது. அதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது அம்மாவைச் சந்தேகப்பட்டேன்.

லைனில் கடைசி அறை பூட்டிக் கிடந்தது. குடியிருந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கூட்டிச் சுத்தம் செய்ய லைனின் சொந்தக்காரர் சாவியை அம்மாவிடம் கொடுத்திருந்தார். அன்று சாயங்காலம் அந்த அறை திறந்திருந்தது. பச்சை கேட் வீட்டம்மா உள்ளேயிருந்து வந்தார். தலையில் முக்காடு. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வேகமாகப் பாலத்தைத் தாண்டினார். பின்னாலேயே அம்மா வந்து பூட்டினாள்.

எங்கே போனாய் என்று கேட்டேன். தண்ணீர் எடுக்க என்றாள். அன்று லாரி வரும் நாள் இல்லை. கையில் குடமும் இல்லை.

அடுத்த நாளும் அந்த அம்மா வந்தார். இந்த முறை வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட் துணியைக் கட்டுகிற சாக்கில் ஒரு மூட்டை. வெறும் கையோடு திரும்பினார். அவர்கள் போன பிறகு நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிப் பார்த்தேன். எவர்சில்வர் அண்டா. குண்டாக்கள். மிக்ஸி. எங்கள் வீட்டில் மிக்ஸி கிடையாது. எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கு நகர்க்காரர்கள் லஞ்சம் கொடுக்கிறார்கள். நோம்பியன்று அம்மா கயிற்றை விட்டுவிடப் போகிறாள்.

மூன்றாம் நாளும் ஒரு மூட்டை வந்தது. அன்று நான் சுவருக்குப் பின்னால் நின்றேன். அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது.

“நோம்பி முடியற வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லிப்போடாத.”

“செத்தாலும் சொல்ல மாட்டனுங்கக்கா” என்றாள் அம்மா.

அக்கா என்று கூப்பிட்டதுதான் எனக்குப் பெரிய கோபம்.

பொங்கலன்று காலையில் அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, மிக்ஸி, அக்கா. அத்தை கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். கடிப்பதை நிறுத்தினாள். நான் பொய் சொல்கிறேனா என்று என்னையும் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு போய் அதே ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

நோம்பிக்கு முந்தின நாள் வாசலில் எல்லோரும் இருக்கும்போது அம்மாவிடம் சொன்னாள்.

“நாளைக்கு நீ கயிறு புடிக்க வேண்டாம். புள்ளைகளப் பாத்துக்க.”

“ஏனுங் நங்கையா?” என்றாள் அம்மா. புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“வேண்டாம்னா வேண்டாம். கடைசி ரூமு சாவி ஒங்கிட்டத்தான இருக்குது? அதப் பத்திரமாப் பாத்துக்க.”

அம்மா ஏதாவது சொல்வாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவள் சரிங்க என்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அன்று ராத்திரி எனக்கு எப்போதும் போல்தான் சோறு போட்டாள். திட்டாததையும் நான் சந்தேகப்பட்டேன்.

நோம்பியன்று பாலத்தில் நல்ல கூட்டம். எப்போதும் தேங்காய் நார்க் கயிறுதான். அந்த வருடம் நகர்க்காரர்கள், நார்க் கயிறு கையை அறுக்கிறது, நம்மிடம் இல்லாத துணியா என்று சொல்லி, பனியன் வேஸ்ட்டை முறுக்கிப் பின்னி ஒரு கயிறு செய்து கொண்டுவந்தார்கள். நீலக் கலர். கை பருமன். பார்க்கத் தேர் வடம் மாதிரி இருந்தது. அத்தை அதைத் தடவினாள், மோந்தாள், முழம் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் குறை சொல்ல முடியவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அம்மா இடத்தில், தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங் வேலைக்குப் போகிற ஒரு அக்காவை நிறுத்தினார்கள். ஒல்லியான அக்கா. கயிறு அவரை இரண்டு சுற்றுச் சுற்றியது. எதிரே பச்சை கேட் வீட்டம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். அம்மா இல்லாததைப் பார்த்தார். முகம் மாறியது. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் என்று நான் நினைத்தேன்.

லாரி டிரைவர் விசில் அடித்தார். இரண்டு பக்கமும் இழுத்தார்கள். கயிறு வந்தது. இரண்டு பக்கமும் வந்தது. நாங்கள் பின்னால் போனோம், அவர்களும் பின்னால் போனார்கள். எங்கள் ஆட்கள் டீக்கடைச் சுவர்வரை போய் முட்டினார்கள். அவர்கள் ஆட்கள் கோயில் மேடைவரை போய் உட்கார்ந்தார்கள். நடுவில் கட்டிய கர்ச்சீப் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. கயிறு விரல் பருமனாகிவிட்டது.

பனியன் துணி இழுபடும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அதை வைத்துத்தான் அத்தனை பேரும் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் டிரைவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே கொண்டுவந்தீர்கள் என்றாள் அத்தை. நீங்கள்தான் மோந்து பார்த்தீர்களே என்றார்கள் அவர்கள். நகர்ப் பக்கம் ஒரு அம்மா, “மோந்து பாத்ததுல பாதி வேஸ்ட் காணாமப் போயிருக்குமுங்க” என்றார். எங்கள் வரிசையில் இருந்த தேனிக்காரப் பெரியம்மா, “ஒங்க வேஸ்ட்டு எங்களுக்கு எதுக்கு, கரித்துணிக்குக்கூட ஆகாது” என்றார். அடி விழுவதற்குள் டிரைவர் லாரியில் கிடந்த தடிக் கயிற்றைக் கொண்டுவந்து போட்டார்.

இந்த முறை கயிறு இழுபடவில்லை. ஆட்கள்தான் இழுபட்டார்கள். எங்கள் கடைசி ஆள் முதலில் சறுக்கினார். அவர் விழுந்ததும் ஏழு பேரும் வரிசையாகப் போனார்கள். அந்தப் பக்கம் பச்சை கேட் வீட்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். விசில் அடித்த பிறகும் கயிற்றை விடவில்லை. டிரைவர் போய்த் தோளைத் தட்டினார். அப்புறம்தான் விட்டார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

நகருக்கு முதல் தண்ணீர். நான் அழுதேன். அம்மா கயிற்றில் நின்றிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாள், அப்போதும் தோற்றிருப்போம், எப்படியும் தோல்விதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் பகலில் மூன்று சக்கர வண்டி ஒன்று பாலத்தைத் தாண்டி லைனுக்குள் வந்தது. ஒரு கட்டில், பீரோ, தையல் மிஷின் ஒன்று. பின்னால் பச்சை கேட் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் அந்த அம்மா. அம்மா கடைசி அறையைத் திறந்துவிட்டாள். அண்டாவும் குண்டாவும் மிக்ஸியும் ஏற்கெனவே உள்ளே அடுக்கியிருந்தன.

கம்பெனி போய்விட்டது, வீடும் போய்விட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினால் நகரே கேட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கும் என்று, அந்த அம்மா முடிந்ததை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்திருக்கிறார். நோம்பிக்கு முன்பே தெரிந்திருந்தால் நகர்க்காரர்கள் அவரைக் கயிற்றைத் தொட விட்டிருக்க மாட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் அவர் அதே கடைசி அறையில்தான் குடியிருந்தாராம். அப்போது அம்மாவும் அவரும் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்தார்களாம். அம்மா இதைச் சொன்னது ரொம்ப நாள் கழித்து.

அத்தை அன்று வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அம்மாவிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது வராது.

அடுத்த லாரி வந்தது. நகர்க்காரர்கள் பிடித்து முடிக்கும்வரை நாங்கள் குடங்களோடு நின்றோம். அத்தை அம்மாவின் குடத்தைக் காலால் தள்ளி எங்கள் வரிசையில் முதலாவதாக வைத்தாள். அம்மா அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பச்சை கேட் வீட்டம்மாவின் குடத்தை வைத்தாள். இப்போது கேட் இல்லை, ஆனால் எங்களுக்கு அந்தப் பேர்தான். அந்த அம்மா குடத்தை எடுத்துக்கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு நின்றார். கையில் துணி சுற்றியிருந்தது.

தேனிக்காரப் பெரியம்மா சும்மா இருக்கவில்லை. “ஒங்க கையாலயே இழுத்துவிட்டீக. இப்பப் பின்னால நிக்கீக.”

“ஆமாங்க” என்றார் அந்த அம்மா. “நல்லா இழுத்தனுங்களா?”

முதலில் சிரித்தது அத்தை. அப்புறம் எல்லோரும். நான் சிரிக்கவில்லை. அந்த வருடம் சித்திரையில் இரண்டு முறை எங்களுக்கு மிச்சத் தண்ணீர்கூட வரவில்லை. அவருக்கும் வரவில்லை. கயிற்றைப் பிடித்த அன்றே அவருக்கு அது தெரியும். கொஞ்சம் தளர்த்தியிருந்தால் அவருக்கே முதல் தண்ணீர். ஏன் அப்படி இழுத்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நோம்பியன்று இரண்டாம் முறை இழுக்கும்போது நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாலத்தின் கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கையில் கயிறு இல்லை. ஆனால் குதிகால் இரண்டும் மண்ணில் புதைந்திருந்தன. பார்வை எங்கள் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்துக் கடைசி ஆள் மேல் இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

அதையும் அன்று சாயங்காலமே அத்தையிடம் போய்ச் சொன்னேன்.