திறந்து கிடந்த ரயில்வே கேட்

கோமதித் தாயே! இதை எல்லோருக்கும் சொல்லத்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் சங்கரன்கோவில் பக்கம் ரயில்வே கேட்டில் வேலை பார்க்கிறார். சுதந்திரம் வந்த மறு வருஷம், ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று, அங்கே ரயில் ஒரு மாட்டுவண்டியை அடித்துவிட்டது. வண்டிக்காரர் மாடசாமி பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார்.

போலீஸ் வந்தபோது கேட் திறந்து கிடந்தது. அது போதாதா? பூட்டாமல் விட்டதாகச் சொல்லி என் வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பூட்டித்தான் இருந்தது! அடிபட்டவரைப் பின்னால் வந்த ஒரு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் இவர் திறந்தார். போலீஸ் வரும்வரை எதையும் தொடக்கூடாதாம். உயிர் துடிக்கும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? ஆடிக்காற்றுப் புழுதியில் மாடசாமி எந்த வழியாக வந்தார் என்பதை யாருமே பார்க்கவில்லை.

கோமதியம்மன் சந்நிதியில் விழுந்து கதறினேன். "அவரை எப்படியாவது வெளியே கொண்டுவா" என்றுதான் வேண்டினேன். அழுதுகொண்டிருக்கும்போதே மனசில் பட்டது: உண்மை தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் அல்லவா கிடக்கிறார்! "அவரையும் பிழைக்க வை தாயே" என்று வேண்டி, கோவிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினேன்.

மாடசாமியின் மனைவி என்னைப் பார்த்ததும் சீறினாள். "ஏட்டி, ஒம் புருசனாலதான எம் புருசன் இப்படிக் கெடக்காரு? இங்கன எதுக்கு வந்த?"

"ஒந் தாலிக்கு வேண்டிட்டு வந்திருக்கேன் அக்கா. இதப் பூசிவிடு."

என்ன நினைத்தாளோ, வாங்கிப் பூசினாள். இரண்டு பேரும் "தாயே, தாயே" என்று வாய்விட்டு அழுதோம். அம்மா! அவர் கண் திறந்துவிட்டார்! வாக்குமூலத்துக்காக வாசலிலேயே காத்திருந்த ஏட்டையா உள்ளே ஓடி வந்தார்.

"கேட்டு தொறந்தா கெடந்துச்சு?"

"பூட்டித்தான் இருந்துச்சு ஏட்டையா. கொடியேத்தம் பாக்கணும்னு, ஆட்டுக்காரங்க வேலியப் பிரிச்ச எடத்துல நாந்தான் வண்டிய விட்டேன்."

ஏட்டையா நேரே போய்ப் பார்த்தார். வேலிமுள்ளில் மாட்டின் நெற்றிக் குஞ்சம் மாட்டியிருந்தது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இப்போது ஒவ்வொரு தபசுக்கும் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் மாவிளக்கு ஏற்றுகிறோம். கேட் பூட்டியிருந்தால் மாடசாமி வண்டியை விட்டு இறங்கி நின்று, "அண்ணாச்சி, நீங்க தொறந்தாத்தான் போவேன்" என்பார்.

நீங்களும் அம்மனிடம் அழுங்கள், தயங்காதீர்கள். ஆனால் உங்கள்மேல் சீறுகிறவளின் தாலிக்கும் சேர்த்து அழுங்கள். என் தாலியை அந்தத் தாய் அப்படித்தான் காப்பாற்றிக் கொடுத்தாள்.